தலம், தீர்த்தம், மரம், பார்க்கிங்: பசுமைச் சுற்றுலா எழுத்து பற்றிச் சில குறிப்புகள்

பசுமைச் சுற்றுலா, சூழல் சுற்றுலா, பொறுப்பான பயணம், நிலையான சுற்றுலா என்று நாலு பெயரில் வந்தாலும் உள்ளே இருக்கும் கட்டுரை ஒன்றுதான். துணிப்பை எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிடுங்கள். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். அப்புறம் ஒரு மலை, ஒரு காடு, ஒரு கடற்கரை என்று பத்து இடங்களின் பட்டியல். படித்து முடித்தால் நல்ல பயணி எப்படி இருப்பார் என்று தெரிகிறது. அவர் போய் வந்த ஊர் எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

அறிவுரைகளில் தப்பு ஒன்றும் இல்லை. குரங்குக்கு பிஸ்கட் போடக் கூடாதுதான். ஆனால் இந்த எழுத்து வகை முழுக்கப் பயணியின் ஒழுக்கத்தைப் பற்றியதாக ஆகிவிட்டது. அந்தக் காலத்து நீதி நூல்கள் மாதிரி. நிலம் இதில் மேடை மட்டும்தான். மேடைக்கு மேல் நடப்பவர் நல்லவரா என்பதே கேள்வி.

அந்த எழுத்து வகையை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம் என்று கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். எந்தப் பட்டியலிலும் வராத ஊர்கள் இவை. சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை எல்லாம் 2022இல் சேர்ந்தன. இந்த மேற்குப் பக்கத்து ஏரி ஒன்றுகூட அதில் இல்லை. சரணாலயம் இல்லை, புலி இல்லை, யுனெஸ்கோ பலகை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் 'நிலையான பயணம்' என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அந்தச் சொல்லின் உண்மையான எடை தெரியும்.

1. சொல் எங்கே தொடங்குகிறது

சூழல் சுற்றுலா என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மெக்சிகோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஹெக்டர் செபாலோஸ் லாஸ்குராய்ன். 1983ஐ ஒட்டி அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1990க்குப் பிறகு சர்வதேச அமைப்புகள் வரையறை எழுதின. இயற்கைப் பகுதிகளுக்குப் போவது, அங்கே சூழலைக் காப்பது, உள்ளூர் மக்களுக்கு நன்மை செய்வது என்று அதன் சாரத்தைச் சொல்லலாம். 2017ஐ ஐ.நா. நிலையான சுற்றுலா ஆண்டாகவே அறிவித்தது.

முதல் சிக்கல் 'இயற்கைப் பகுதி' என்ற இடத்திலேயே வருகிறது. அதாவது இயற்கை வேறு எங்கேயோ இருக்கிறது. நாம் இருக்கும் இடத்தில் இல்லை. அதைப் பார்க்கப் போக வேண்டும். போவதற்கு வண்டி வேண்டும், விமானம் வேண்டும். உலகச் சுற்றுலாவின் கார்பன் கணக்கை மான்ஃபிரட் லென்சனும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்டார்கள். 2009 முதல் 2013 வரையிலான காலத்தைப் பார்த்து, உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சுற்றுலாவினுடையது என்று சொன்னார்கள். போக்குவரத்தும் கடைச் செலவும் சாப்பாடும் அதில் பெரும் பங்கு. இந்தக் கணக்குக்கு முன்னால் துணிப்பை எவ்வளவு சின்ன விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படின்னா யாரும் எங்கேயும் போகக் கூடாதா? அதைச் சொல்ல வரவில்லை. தூரத்தில்தான் இயற்கை இருக்கிறது என்று சொல்லும் எழுத்து, பக்கத்தில் இருப்பதைக் கைவிடுவதற்கும் சேர்த்தே அனுமதி கொடுக்கிறது. கோடையில் ஊட்டிக்குப் போய்ப் பொறுப்பாக நடந்துகொண்டு திரும்பும் குடும்பம், தன் தெருக் கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்காமலே இருக்கலாம். அந்தக் கேள்வியை எந்தப் பயணக் கட்டுரையும் அவர்களிடம் கேட்டதில்லை.

2. நம்மிடம் ஏற்கெனவே இருந்த கையேடு

தமிழில் பயணக் கையேடு என்றால் ஆதியில் தலபுராணம்தான். அதன் கட்டமைப்பைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். எந்தக் கோயிலாக இருந்தாலும் மூன்று தகவல் கட்டாயம் உண்டு: தலம், தீர்த்தம், தலமரம். இடம் எது, தண்ணீர் எது, மரம் எது. இந்த மூன்றும் இல்லாமல் ஓர் ஊரை அறிமுகப்படுத்த முடியாது என்று அந்த எழுத்து வகை நினைத்தது.

மேற்குப் புறநகரின் ஊர்ப் பெயர்களே இதற்குச் சாட்சி. திருமுல்லைவாயிலில் முல்லைக்கொடி யானையின் காலில் சிக்கியதும், தொண்டைமான் வாளால் கொடியை வெட்டும்போது லிங்கத்தில் பட்டதும்தான் தலவரலாறு. கதையின் நடுவிலேயே ஒரு செடி இருக்கிறது. திருவேற்காடு என்றால் வேலங்காடு. அங்கே தலமரம் வெள்வேல மரம். பூவிருந்தவல்லியில் பூ இருக்கிறது. பருத்திப்பட்டில் பருத்தி. திருநின்றவூரில் பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். கல் வெட்டவில்லை, சுண்ணாம்பு சுடவில்லை, மரம் சாய்க்கவில்லை. கார்பன் கணக்கு பூஜ்யமான ஒரே கட்டுமானம் அதுவாகத்தான் இருக்கும். அதை எழுதிய சேக்கிழாரும் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்.

இன்றைய பயணக் குறிப்பில் தலம் மட்டும் தங்கியிருக்கிறது. தீர்த்தத்தின் இடத்தில் பார்க்கிங் வசதி. மரத்தின் இடத்தில் அருகிலுள்ள ஹோட்டல். நேரம், கட்டணம், கூகுள் மேப். கோயில் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, அது எங்கிருந்து வருகிறது என்று எழுதுபவர் மிகக் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தலபுராணத்தைத் தூக்கிப் பிடிப்பது சுலபம். அந்தத் தீர்த்தத்தில் யாரெல்லாம் இறங்கலாம், யாரெல்லாம் தள்ளி நிற்க வேண்டும் என்பதைத் தலபுராணம் பேசாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் போவதற்கு 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் முழுதாக வந்தது 1947இல். ஆக, தண்ணீரை எழுதத் தெரிந்த மரபு, தண்ணீருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரை எழுதவில்லை. புதிய பயண எழுத்து தண்ணீரையும் எழுதவில்லை, வெளியே நிறுத்தப்படுபவரையும் எழுதவில்லை. இரண்டு குறையும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

3. ஏரி வேறு, லேக் வேறு

ஆவடி பருத்திப்பட்டு ஏரி ஏறக்குறைய 87 ஏக்கர். அதைச் சீரமைத்து, நடைபாதை போட்டு, வேலி கட்டி 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். மாலையில் போய்ப் பாருங்கள். நடைப்பயிற்சி செய்யும் பெண்கள், சைக்கிளோடு பிள்ளைகள், பெஞ்சில் பெரியவர்கள். கூழைக்கடா மிதக்கும், நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும். ஆவடி மாதிரி நெருக்கடியான ஊரில் இப்படி ஒரு திறந்த வெளி கிடைத்தது நல்லதுதான். ஆக்கிரமிப்புக்கு வேலி ஒரு தடை என்பதும் உண்மை. இதைக் கிண்டலாகப் பார்க்கும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடக்க இடம் இல்லாதவருக்குத்தான் நடைபாதையின் அருமை தெரியும்.

ஆனால் இந்தப் பூங்கா வகையை ஒரு பிரதியாகப் படித்தால், அதன் ஆசிரியர் ஏரியை 'லேக்' என்று மொழிபெயர்த்துவிட்டார் என்று தெரியும். அங்கேதான் பிரச்சனை.

தொண்டை மண்டலத்து ஏரி தானாக உண்டானது இல்லை. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கம் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கியது. கரை ஒரு பக்கம்தான் உயரம். எதிர்ப்பக்கம் நிலம் மெதுவாக மேடேறிப் போகும். தண்ணீர் அங்கே பரவி, கணுக்கால் ஆழத்தில் முடிந்துவிடும். வரத்துக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வரும். மதகு வழியாக ஆயக்கட்டு நிலத்துக்குப் போகும். நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். மாசியிலோ பங்குனியிலோ வற்றத் தொடங்கும். வற்றிய நிலத்தில் மாடு மேயும், வண்டல் மண் வயலுக்குப் போகும். வற்றுவது ஏரியின் குறை இல்லை. அதன் ஆண்டுக் கணக்கிலேயே வற்றும் மாதங்களுக்கும் இடம் உண்டு.

லேக் என்று நினைத்தவருக்கு அது எப்போதும் ததும்ப வேண்டும். சுற்றிலும் நடக்க வேண்டும். எனவே நாலு பக்கமும் கரை உயர்ந்து, ஏரி கிண்ணமாகிறது. அந்த மேட்டுப் பக்கத்துச் சேற்று விளிம்பு போய்விடுகிறது. உள்ளான் மாதிரியான சேற்றில் அலகு விட்டு இரை தேடும் பறவைகளுக்கு அந்த விளிம்புதான் சாப்பாட்டுத் தட்டு. ஆழமான தண்ணீரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் இருக்கும். பார்ப்பவருக்குப் பறவை இருக்கிறது, போட்டோவும் நன்றாக வருகிறது. எந்தப் பறவை வராமல் போனது என்பது போட்டோவில் தெரியாது.

இன்னொன்று, ஆண்டு முழுக்கத் ததும்ப வேண்டும் என்றால் தண்ணீர் எங்கிருந்து வரும்? மழை மூன்று மாதம்தான். இந்தப் பகுதி ஏரிகளில் மீதி ஒன்பது மாதம் வந்து சேர்வது பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர், சுத்திகரித்தோ சுத்திகரிக்காமலோ. பருத்திப்பட்டில் கழிவுநீர் கலப்பதாக ஊர்க்காரர்கள் புகார் சொன்ன செய்தி அடிக்கடி வந்திருக்கிறது. கொரட்டூர் ஏரியில் வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் சேர்வதை எதிர்த்து கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. அந்த இயக்கத்தில் இருப்பவர்கள் தங்களைச் சூழல் சுற்றுலாக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் ஏரிக்கு எது எங்கிருந்து வருகிறது என்று கால்வாயோடு நடந்து பார்த்தவர்கள் அவர்கள். நிலப்பரப்பு வழியாகப் பயணம் செய்வது என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

2019 கோடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பருத்திப்பட்டுப் பூங்கா திறந்த அதே ஆண்டுதான் செம்பரம்பாக்கம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உள்ள ஏரி அது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, அதே ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. பிறகு நடந்ததைச் சென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம், வறட்சி இரண்டையும் காட்டிய ஏரி பூந்தமல்லியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பயணப் பக்கங்கள் அதைச் 'சூரிய அஸ்தமனம் பார்க்க ஏற்ற இடம்' என்று எழுதுகின்றன. சூரியன் அங்கே அழகாகத்தான் மறைகிறது. ஆனால் அந்த ஏரியைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதானா இருக்கிறது?

4. சொல் இருந்தும் பேசாத பலகை

சு. தியடோர் பாஸ்கரன் தமிழில் சூழலியல் எழுதுவதற்குச் சொற்கள் வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். வனவிலங்கு என்பதைவிடக் காட்டுயிர் என்பது சரி என்று வாதாடியவர். பறவையும் பூச்சியும் தவளையும் விலங்கு என்ற சொல்லுக்குள் வராது, உயிர் என்ற சொல்லுக்குள் வரும். வாழிடம் என்ற சொல்லும் இன்று இயல்பாகிவிட்டது. துறைச்சொல் இல்லாவிட்டால் அந்தத் துறையில் பொது விவாதமே நடக்காது என்பது அவர் வாதத்தின் அடிப்படை. காட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வதை முழுதாக ஏற்கிறேன்.

ஏரியைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிர். சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. மதகு, மடை, தூம்பு, கலங்கல், வரத்துக் கால்வாய், நீர்ப்பிடிப்பு, ஆயக்கட்டு. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு நிர்வாகக் குழுவுக்கே பெயர் இருக்கிறது. சொல் இருந்தும் விவாதம் இல்லை. எந்த ஏரிப் பூங்காவின் வாசலிலும் இந்தச் சொற்களில் ஒன்றைக் காண்பது அரிது. குப்பை போடாதீர், பூ பறிக்காதீர், நுழைவு நேரம், விதிமீறினால் அபராதம். பலகையும் நம்மிடம் ஒழுக்கம்தான் பேசுகிறது.

ஆகவே பாஸ்கரன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. சொல் மட்டும் போதாது. அந்தச் சொல்லோடு பிழைப்பு உள்ளவர் அங்கே இருக்க வேண்டும். ஆயக்கட்டு வயல் இருந்த வரைக்கும் மதகு என்ற சொல் உயிரோடு இருந்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, வயல்கள் மனைகளாயின. மதகுக்குக் கீழே நிலம் இல்லை என்றானதும் சொல்லும் போனது. இதைச் சொல்லாமல் ஏரிக்கு 'மறுவாழ்வு' என்று எழுதுவது பாதிக் கதை. ஏரிக்கு மறுவாழ்வு வந்தாலும் அதன் வேலை திரும்பி வரவில்லை. விவசாயியின் ஏரி நடப்பவரின் ஏரியானது. நடுவில் மீன் பிடித்தவர், மாடு மேய்த்தவர், துணி வெளுத்தவர் எல்லாம் வேலிக்கு எந்தப் பக்கம் போனார்கள் என்பதைப் பயண எழுத்து கேட்டால்தான் 'உள்ளூர் மக்களின் நன்மை' என்ற வரையறைக்கு அர்த்தம்.

ஊர் பற்றிய அக்கறையின்மை சின்னத் தகவல்களிலும் தெரிகிறது. ஆவடி என்பது ராணுவ வாகனக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்று இணையத்தில் பல பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கின்றன. கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததே 1960களில். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஆவடி மாநாடு 1955 ஜனவரியில் நடந்தது. தொழிற்சாலைக்கு முன்பே நாடறிந்த பெயர் அது. அந்த எளிய சரிபார்ப்பைக்கூடச் செய்யாத எழுத்து, கால்வாய் எங்கே போகிறது என்று பார்க்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

5. ஆற்றோடு போன புத்தகம்

தமிழில் நிலப்பரப்பு வழியான பயணம் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. 1971இல் வந்தது. சூழல் சுற்றுலா என்ற பேச்சே இல்லாத காலம். பெயரில் நடை இருந்தாலும் ஆசிரியர்கள் பெரும்பாலும் காரில்தான் போனார்கள். நடப்பது காவேரி, அவர்கள் இல்லை. கார்பன் கணக்குப் பார்க்கும் இன்றைய பசுமைப் பயணி அந்தக் காரைக் குறை சொல்லலாம்.

ஆனாலும் அந்தப் புத்தகம் இன்றைய பல பசுமைக் கட்டுரைகளைவிட மேல். காரணம் அதன் வழித்தடம். எங்கே போவது என்பதை ஹோட்டலோ விடுமுறையோ தீர்மானிக்கவில்லை, ஆறு தீர்மானித்தது. ஆறு போகும் இடமெல்லாம் போக வேண்டும் என்றால் அழகில்லாத இடத்துக்கும் போக வேண்டும். அணைக்கும் போக வேண்டும், ஆலைக்கும் போக வேண்டும். பட்டியல் எழுத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது நல்ல இடங்களை மட்டும் பொறுக்கி எடுக்கும்.

குறையும் உண்டு. காவேரி ஏற்கெனவே பாட்டுப் பெற்ற ஆறு. அதைத் தேடிப் போவதற்குப் பெரிய மனத்தடை இல்லை. அதே முறையைக் கூவத்தில் செய்து பார்க்க வேண்டும். கூவம் என்றால் நேப்பியர் பாலம், மூக்கைப் பிடித்துக்கொள்வது என்றுதான் நகரத்துக்குத் தெரியும். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்று ஓர் ஊரே இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயில் திருவிற்கோலம், சம்பந்தர் பாடிய தலம். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் பிரிந்து கூவத்துக்கு வரும். அங்கிருந்து சுமார் 70 கி.மீ. பேரம்பாக்கம், மணவாள நகர், அரண்வாயல் வழியாகத் திருவேற்காட்டுக்கு வரும். திருவேற்காடும் சம்பந்தர் பாடிய தலம்தான். ஒரே ஆற்றின் கரையில் இரண்டு பாடல் பெற்ற ஊர்கள். அவற்றுக்கு இடையே எங்கேயோ ஆறு சாக்கடையாக மாறத் தொடங்குகிறது. திருவேற்காட்டைத் தாண்டி மதுரவாயல் வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

அந்த 'எங்கேயோ' எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் ஒரு பயணம். எந்தக் கால்வாய், எந்த லாரி, எந்த ஆலை, எந்த நகராட்சி? கருமாரியம்மனைக் கும்பிட வாரா வாரம் ஆயிரக்கணக்கான பேர் திருவேற்காட்டுக்குப் போகிறோம். ஆற்றைத் தாண்டித்தான் பலரும் போகிறோம். அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்தி மேற்கே ஒருமுறை, கிழக்கே ஒருமுறை பார்க்கச் சொல்லும் ஒரு பயணக் கட்டுரை இருந்தால் நன்றாயிருக்கும்.

6. சொல்வதா, மறைப்பதா

ஆவடியில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, பஸ் பிடித்தால் பூண்டி. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுதான். பூண்டியில் 1944இல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கம். அதற்கு அருகில் அத்திரம்பாக்கம். 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் வெளியிட்டார்கள். இடைப் பழங்கற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டு அளவில் அங்கே தொடங்கிவிட்டன என்று 2018இல் இன்னொரு ஆய்வு. உலகத்தின் தொல்லியல் வரைபடத்தில் முக்கியமான இடம், பத்து இருபது ரூபாய் டிக்கெட் தூரத்தில்.

இதை எழுதலாமா? நியாயமான கேள்வி. எழுதினால் கூட்டம் போகும். போகிறவர் ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். தொல்லியலில் கல்லைவிடக் கல் கிடந்த இடம் முக்கியம். எடுத்த நிமிஷமே அது வெறும் கல்லாகிவிடும். இந்தப் பயத்தால் 'இடத்தின் பெயரைச் சொல்லாதே' என்று ஒரு கட்சி இயற்கை ஆர்வலர்களிடம் உண்டு. கூடு வைத்திருக்கும் பறவை, அரிய ஆர்க்கிட் என்றால் அந்தக் கட்சி சரி.

ஆனால் அதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. யாருக்கும் தெரியாத இடத்தை முதலில் கண்டுபிடிப்பவர் பயணி இல்லை. மணல் லாரிக்கும் மனைத் தரகருக்கும் தகவல் நமக்கு முன்பே போய்விடும். மேற்குப் புறநகரின் ஏரிகள் சுற்றுலாவால் அழியவில்லை. தெரியாமை காரணமாக அழிந்தவைதான் அதிகம். அதனால் என் கட்சி: சொல்லலாம், ஆனால் எப்படிப் போவது என்பதோடு அது ஏன் அங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்க் கருவிகளைப் பார்த்துவிட்டு வந்தவர் வயலில் கல் பொறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

7. எண்ணிக்கை மட்டும் போதுமா

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்கு வண்டி எண்ணிக்கையும் வரையறுத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பூட்டான் வேறு வழியில் போனது. 2022இல் ஒரு நாளுக்கு 200 டாலர் என்று கட்டணம் வைத்து, அடுத்த ஆண்டே 100 ஆகக் குறைத்தது. முதலாவது வரிசை, இரண்டாவது விலை. இரண்டும் வாசலில் நின்று ஆளை எண்ணுகின்றன.

மலைக்கு அது தேவைதான். சாலை தாங்காது, தண்ணீர் தாங்காது. ஆனால் வாசலே இல்லாத இடத்தில் என்ன செய்வது? அம்பத்தூருக்கு இ-பாஸ் போட முடியாது. இங்கே வந்து சேர்ந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. வேலைக்கு வந்து தங்கிவிட்ட நாம்தான். இங்கே ஏரியின் மேல் இருக்கும் பாரம் குடியிருப்பவரின் பாரம். ஆகவே நிலையான பயணம் பற்றிய பேச்சு இங்கே வந்ததும், நிலையான குடியிருப்பு பற்றிய பேச்சாக மாறியாக வேண்டும். பசுமை எழுத்து அந்த இடத்தில்தான் நழுவுகிறது. விருந்தாளிக்கு விதி எழுதும், வீட்டுக்காரரைக் கேள்வி கேட்காது.

அயனம்பாக்கம் உட்பட இன்னும் பல ஏரிகளின் கரையை மேம்படுத்தப் போவதாக சி.எம்.டி.ஏ. அறிவித்திருக்கிறது. ஆகவே இது இலக்கிய விவாதம் மட்டும் இல்லை. அடுத்து வரும் ஒவ்வொரு பூங்காவும் ஏரியாக இருக்குமா, கிண்ணமாக இருக்குமா என்பது திட்ட வரைபடத்திலேயே முடிவாகிவிடும். பயணக் கட்டுரை எழுதுபவர்கள் திறப்பு விழாவுக்குப் பிறகுதான் வருகிறார்கள். அப்போது எழுதுவதற்கு அஸ்தமனம் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் உதவட்டும் என்று நான் பயன்படுத்தும் கேள்விகளை இங்கே வைக்கிறேன். ஓர் இடத்தைப் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்து முடித்ததும் இவற்றுக்குப் பதில் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? பஸ்ஸிலோ ரயிலிலோ போக முடியுமா? அந்த இடத்தை வைத்துப் பிழைத்தவர் யார், இப்போது எங்கே? ஆண்டின் எந்த மாதத்தில் அது அசிங்கமாக இருக்கும்? கடைசிக் கேள்வி முக்கியம். வற்றிய ஏரியையும் வந்து பார் என்று சொல்லத் துணியாத எழுத்து, அந்த ஏரியின் பக்கம் நிற்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பூங்கா வாசலில் குப்பை போடாதீர் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கப் பெரிய செலவு ஆகாது. இந்த ஏரிக்கு வரத்து எந்த ஊரிலிருந்து, மதகு எத்தனை, கலங்கல் எந்தப் பக்கம், கடைசியாக எந்த ஆண்டு வழிந்தது, வழிந்த தண்ணீர் யார் வீட்டு வழியாகப் போனது. ஐந்து வரி. தினமும் நாலு சுற்று நடப்பவர்கள் ஒரு மாதத்தில் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்கப்புறம் கால்வாயை யாராவது மூடினால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.